பொன்னாச்சி மஹால் முகப்பில் பூ உதிர்ந்த காலம்

வெள்ளியம்பாளையத்தில் மரங்கள் எல்லாம் இருக்க, நிழல் மட்டும் இல்லாமல் போன வருஷத்துக் கதை இது. ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. ஒரு பஸ் நிலையம், ஒரு சந்தைமேடு, ஊரைவிடப் பெரிதாக ஒரு கல்யாண மண்டபம், அவ்வளவுதான். பஸ் நிலையத்துக்கு எதிரே, மெடிக்கல் கடை மாடியில், சதாசிவம் என்பவர் வெப்சைட் செய்து கொடுக்கும் ஆபீஸ் வைத்திருந்தார். அங்கே வேலை பார்த்த பூங்கொடிதான் அந்தக் கல்யாண மண்டபமான பொன்னாச்சி மஹாலுக்குத் தன் கையால் வெப்சைட் செய்தவள். அதனால் நடந்ததற்கெல்லாம் அவள்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லுகிறவர்கள் உண்டு. அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை ஊரார் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

வெப்சைட் திறந்த அன்று லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, கற்பூரம் காட்டி, நல்ல நேரம் பார்த்து மஹால் முதலாளி குழந்தைவேல் ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் மல்லிகையும் ரோஜாவும் உதிர்ந்தன. யாரும் கேட்காமலே நாதஸ்வரம் முழங்கியது. தங்கக் கதவு இரண்டாகத் திறந்தது. அதற்குள்ளிருந்து, அந்த மஹாலில் தாலி கட்டிக்கொண்ட அத்தனை ஜோடிகளும், அவர்களுடைய தாய்மாமன் சித்தப்பன் பெரியப்பன் பங்காளி சம்பந்தி கைக்குழந்தை வரைக்கும், கும்பிட்ட கையோடு வரிசையாக வந்தார்கள். கல்யாணத்துக்கு ப்ளெக்ஸ் போர்டு வைத்தால் ஒரு முகம்கூட விட்டுப்போகக் கூடாது என்பது அந்தப் பக்கத்துச் சட்டம். விட்டுப்போன வீட்டுக்காரன் அடுத்த தலைமுறை வரைக்கும் பேச மாட்டான். அந்தச் சட்டத்தை அப்படியே வெப்சைட்டிலும் வைத்தார்கள். மஹாலின் போன் நம்பர் வேண்டும் என்றால்கூட இத்தனை முகங்களையும் கும்பிட்டுக் கடந்து அடிமட்டத்துக்குப் போனால்தான் கிடைக்கும்.

குழந்தைவேல் பட்டனைத் தட்டிய அதே நேரத்தில், பஸ் நிலையத்து வேம்புக்கு நிழல் போயிற்று. மரம் அப்படியே நின்றது. இலை இருந்தது, காய் இருந்தது, காக்கா இருந்தது. அடியில் விரித்த பாயைச் சுருட்டிக்கொண்டு போன மாதிரி நிழல் மட்டும் இல்லை. வெயில் இலைகளுக்குள் புகுந்து நேராகத் தரைக்கு வந்தது. ஆட்டோக்காரர்கள் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, வண்டியைப் புளியமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

காரணம் என்ன என்று ஊரில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. மஹாலின் வெப்சைட் பக்கத்தை ஒருத்தர் திறந்தால் எங்கேயோ ஒரு கைப்பிடி நிழல் குறையும் என்பது, உப்பு கூடினால் பிரஷர் ஏறும் என்பதைப் போல எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டேதான் ஊறுகாய் தின்கிறோம். தினமும் திறந்தார்கள். தன் முகத்தைப் பார்க்கத் திறந்தார்கள், தன் முகத்துக்குப் பக்கத்தில் யார் முகம் இருக்கிறது என்று பார்க்கத் திறந்தார்கள், துபாயில் இருக்கும் மருமகனுக்குக் காட்டத் திறந்தார்கள். புளியமரத்து நிழல் போயிற்று, சந்தைமேட்டுத் தென்னைகள் போயின, பள்ளிக்கூட வராந்தா போயிற்று, கடைகளின் தார்ப்பாய் போயிற்று. ஊர் தன்னை மாற்றிக்கொண்டது. சந்தை விடிவதற்கு முன் கூடிக் கலைந்தது. முகூர்த்தங்கள் இருட்டோடு முடிந்தன. குடை வெறும் அழகுக்காயிற்று. பழக்கதோஷத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒரு தடவை ஊர்க்கூட்டம்கூடப் போட்டார்கள். இனிமேல் அவசியம் இல்லாமல் யாரும் திறக்கக் கூடாது என்று முடிவாயிற்று. மஹால் பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று உண்டு. மற்றவர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று அந்த எண்ணைப் பார்ப்பதற்காக அன்றைக்குச் சாயங்காலம் ஊரே பக்கத்தைத் திறந்தது. மறுநாள் சந்தைமேட்டில் ஆடுகளுக்கு நிழல் இல்லை.

அப்புறம் மனிதர்கள். வெயிலில் நிற்கிறவர்களுக்குத்தான் முதலில் போயிற்று. மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற நாச்சிமுத்து, பூங்கொடியின் புருஷன், ஒரு பகலில் கம்பத்திலிருந்து கீழே பார்த்தபோது கம்பியின் நிழலும் இல்லை, தன் நிழலும் இல்லை. நிழல் போனவர்களுக்கு வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. ஒன்றே ஒன்றுதான்: கண்ணை மூடினால் இருட்டுவதில்லை. இமைக்குள் இருக்கிற இருட்டும் இமையின் நிழல்தானே, அதுவும் போய்விட்டது. பகலெல்லாம் உள்ளே போன வெளிச்சம் ராத்திரி விளக்கணைத்த பிறகும் மூடிய கண்ணுக்குள் பட்டப்பகலாக நின்றது. நாச்சிமுத்து இரண்டு கையையும் கண்மேல் பொத்திக்கொண்டு கிடப்பான். கைக்கும் நிழல் இல்லையே, என்ன பிரயோசனம்? ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. மெடிக்கல் கடையில் கறுப்புத் துணியில் கண்பட்டை விற்றார்கள். அதைக் கட்டியும் இருட்டவில்லை, ஆனாலும் வாங்கினார்கள். ஆவணி முகூர்த்தங்களில் தாம்பூலப் பையில் தேங்காய் வெற்றிலையோடு புடவைக்குப் பொருத்தமான நிறத்தில் கண்பட்டையும் வைத்துக் கொடுத்தார்கள். நல்ல தரமான துணி என்று பெண்கள் தடவிப் பார்த்தார்கள்.

பூங்கொடிக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஒரு நாள் ஆபீசுக்கு நடந்துபோகையில் தரையில் விழுந்திருந்த தன் நிழலைப் பார்த்தாள். தலை இருந்தது, கைப்பை இருந்தது. வயிறு இருந்த இடத்தில் நிழல் பலதடவை துவைத்த துணி மாதிரி வெளுத்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே குழந்தை புரண்டது, தூங்குகிறவன் முகத்துக்கு நேரே விளக்கைப் போட்டால் புரள்வானே, அப்படி. நடுரோட்டில் நின்று முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். வயிற்றுக்குள் இருக்கும் இருட்டு தன் நிழல்தான் என்பதும், தன் நிழல் போனால் அந்தச் சின்ன உயிர் பிறப்பதற்கு முன்பே கண்ணை மூட இடமில்லாமல் வெளிச்சத்தில் கிடக்கும் என்பதும் அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. புருஷன் ராத்திரியில் படுகிற பாட்டை அவள் பக்கத்தில் படுத்துப் பார்த்தவள்.

மாடி ஏறியதும் சதாசிவத்திடம் போய் நின்றாள்.

"அண்ணா, மஹால் பக்கத்தைக் கொஞ்சம் எளைக்க வெக்கலாமுங்களா? பூவு உதுர்றத நிறுத்தி, நாதஸ்வரத்த எடுத்துட்டு, படத்தையெல்லாம் சின்னதாக்கிப் போட்டா நெழலு கொஞ்சம் திரும்புமுங்க."

சதாசிவம் கெட்டவர் இல்லை. அவருக்கும் நிழல் போய், தூக்கமில்லாமல் கண் இரண்டும் செவசெவ என்று இருந்தன.

"அம்மிணி, இதச் சேத்துக் குடு, அதச் சேத்துக் குடுன்னுதான் ஆளுக வருவாங்க. எடுத்துக் குடுன்னு கேட்டு ஒருத்தனாச்சும் நம்ம மாடிப்படி ஏறியிருக்கானா? அடுத்த ஊரு மஹால் பக்கத்துல ஆனை நடந்து வந்து மாலை போடுது. நாம பூவையும் நிறுத்துனா மஹாலையே மூடியாச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

"பூவு வேண்டாமுங்க, நாதஸ்வரத்த மட்டுமாச்சும்..."

"அது ரெடிமேடா வாங்குன டிசைனு. எந்த வரி எதுக்குன்னு எழுதுனவனுக்கே தெரியாது. போன தடவ நாதஸ்வரத்த நிறுத்துனியே, கூடவே போன் நம்பரும் காணாமப் போச்சு. மறந்துட்டியா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த வெப்சைட்டு இருக்கற மெஷினு எங்கியோ இருக்குது, சிங்கப்பூரோ அதுக்கும் அந்தாண்டையோ. அங்க எரியற கரண்டுக்கு இங்க மெடிக்கல் மாடியில உக்காந்து நாம என்ன பண்ண முடியும், சொல்லு?"

குழந்தைவேலிடம் போனாள். அவர் மஹாலில்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. அவளைக் கண்டால் மகள் வந்த மாதிரி மோர் கொண்டுவரச் சொல்லுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண் கலங்கி, தன் போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"எடுத்தரலாம் கண்ணு. யாரு படத்த எடுக்கறது? நீயே ஒரு பேரு சொல்லு."

அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் தெரிந்த முகம். பால் ஊற்றுகிறவர், டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர், பிரசவம் பார்க்கிற நர்ஸம்மா. ஒரு பேரும் வாயில் வரவில்லை.

"எங்க படத்த எடுத்துருங்க பெரியப்பா."

"அந்த வார்த்த பேசாத." அவர் போனைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "மாசமா இருக்கற புள்ள படத்த மங்கலமான எடத்துலருந்து எடுத்துட்டு, நாளைக்கு உனக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? ஊரு என்னையக் கேக்காதா? நீ மோரக் குடி."

அதற்கப்புறம் அவள் யாரையும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம், ஊர் முழுக்க வீட்டுக்குள் கண்பட்டை கட்டிக்கொண்டு படுத்திருந்த நேரத்தில், ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். உதிர்கிற பூக்களை நிறுத்தினாள். தங்கக் கதவைக் கழற்றினாள். நாதஸ்வரத்தை எடுத்தாள், போன் நம்பர் காணாமல் போனது, அதைத் தன் கையாலேயே திரும்ப எழுதி வைத்தாள். யார் முகத்தையும் எடுக்கவில்லை, அதில் மட்டும் கவனமாக இருந்தாள். படத்தின் கனத்தில் ஒரு பங்கு அதன் நிறத்தில் இருக்கிறது என்று படித்திருந்ததால், எல்லாப் படங்களையும் கறுப்பு வெள்ளையாக்கித் தபால்தலை அளவுக்குச் சுருக்கினாள். கறுப்புத் திரைக்கு வெளிச்சம் குறைவாகப் போதும் என்பதால் பின்னால் முழுக்கக் கறுப்பு பூசினாள். மலை மாதிரி இருந்த பக்கம் கைக்குட்டை மாதிரி ஆயிற்று.

நிமிர்ந்து ஜன்னல் வழியே பார்த்தாள். வேம்பின் அடியில் நிழல் ஊறிக்கொண்டிருந்தது. முதலில் தூரைச் சுற்றி ஈரம் மாதிரி, அப்புறம் கிளை கிளையாக, இலை இலையாக. எங்கிருந்தோ நான்கு நாய்கள் வந்து விழுந்து படுத்தன. எதிர்க் கம்பத்தில் வேலையாக இருந்த நாச்சிமுத்து இறங்கி வந்து, தன் காலடியில் தன் நிழல் நிற்பதை நம்பாமல் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். வேம்படியில் மல்லாந்து படுத்தான். கண்ணை மூடினான். இருட்டியிருக்க வேண்டும், இடுப்பில் கட்டிய பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் அசந்து தூங்கிப்போனான். பூங்கொடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அத்தனை சந்தோஷம்.

நாலு மணி பஸ்ஸில் நாச்சிமுத்துவின் அக்கா அங்காத்தாள் வந்து இறங்கினாள். படியிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு இறங்கினாள். பழனியில் அவள் போனில் மஹால் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். கறுப்பு நிறத்தில், கறுப்பு வெள்ளையில், தம்பியின் முகமும் தம்பி பெண்டாட்டியின் முகமும். சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி இல்லாமல் வேறு எங்கே ஒரு மனிதன் முகத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்த்திருக்கிறோம்? இறங்கியவள் கண்ணுக்கு, வேம்படியில் அசைவில்லாமல் தம்பி கிடந்தான். "எஞ் சாமீ, போயிட்டியா" என்று அவன்மேல் போய் விழுந்தாள். அவன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். செத்தவன் எழுந்தால் சந்தோஷம்தானே பட வேண்டும். அங்காத்தாள் ஓங்கி ஒரு அறை வைத்தாள்.

அதற்குள் ஈரோட்டிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்கினார்கள், மாலையும் கையுமாக. உயிரோடு இருக்கிறவர்கள் வாசலில் நின்று, தங்களுக்காக அழுகிறவர்களைப் பார்த்து நடுங்கினார்கள். தன் முகத்தை அப்படிப் பார்த்த பால்காரருக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. நர்ஸம்மாவே தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டார். இத்தனை மாசம் வெயிலுக்குப் பயப்படாத ஊர் அன்றைக்குப் பயந்தது. எல்லாரும் ஆபீஸுக்குக் கீழே கூடினார்கள். வேம்பு அத்தனை பேருக்கும் நிழல் கொடுத்துக்கொண்டிருந்தது.

"உசுரோட இருக்கறவங்க மூஞ்சிய ஒருத்தி கறுப்பு வெள்ளையில போடுவாளா? அதும் தாலி கட்டற எடத்துல?"

"நெழலுக்காகத்தானுங்க பண்ணுனேன். பாருங்க, இப்ப நெழல்லதான நிக்கறீங்க..."

"நெழலு கெடக்குது. எழவு விழுந்தா யாரு பொறுப்பு?"

பூங்கொடி வாதாடியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் பயம். தன் முகமும் புருஷன் முகமும் பக்கத்தில் பக்கத்தில் கறுப்பு வெள்ளையில் கும்பிட்டுக்கொண்டு இருப்பதைப் பார்த்தபோது அவளே தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து கன்னத்தைத் தடவிக்கொண்டே அவள் பக்கத்தில் வந்து நின்று, "மாத்தீரு புள்ள, தூங்காட்டிப் போவுது" என்றான்.

மாற்றினாள். தேங்காய் உடைத்துப் பரிகாரம் செய்தார்கள். தோஷம் கழிய ஒவ்வொரு முகமும் முன்னைவிடப் பெரிதாக வர வேண்டும் என்றார்கள், வந்தது. பூக்கள் இரண்டு பக்கமிருந்தும் உதிர வேண்டும் என்றார்கள், உதிர்ந்தன. மூலையில் அணையாத குத்துவிளக்கு ஒன்று எரிய வேண்டும் என்றார்கள்; எரிந்தது. கூட்டம் அப்போதும் வேம்படியில்தான் நின்றது. காலடியில் நிழல் சுருண்டுகொண்டு போனதைக் கண்டும் பெருமூச்சு விட்டு, குடையை விரித்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அதற்கப்புறம் பூங்கொடி வெளியே வரவில்லை. சாமான் அறையில், ஜன்னலை அடைத்துவிட்டு, கல்யாணப் புடவை வளைகாப்புப் புடவை எல்லாவற்றையும் வயிற்றில் சுற்றிக்கொண்டு, மிச்ச மாதங்களை ஓட்டினாள். ஒவ்வொரு நாளும் விளக்கு வெளிச்சத்தில் சுவரைப் பார்ப்பாள். தலையின் நிழல் போயிற்று. தோள் போயிற்று, கை போயிற்று. ஒன்பதாம் மாதத்தில் அவளிடம் மிச்சமிருந்த நிழலெல்லாம் கோடைக்குளத்துத் தண்ணீர் மாதிரி வயிற்றடியில் மட்டும் வந்து தேங்கிக் கிடந்தது. அவளுக்குத் தூக்கம் நின்றது. அவள் கவலைப்படவில்லை, உள்ளே குழந்தை தூங்கியது.

பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா துணியில் ஏந்திக்கொண்டு ஜன்னலோரம் வந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு நிழல் விழுந்தது: சுருட்டிய கை, சின்ன மூக்கு, மை போட்டு வரைந்த மாதிரி. ஆஸ்பத்திரியே ஓடி வந்தது. மறந்துபோன சொந்தக்காரரைப் பார்க்கிற மாதிரி எல்லாரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சில பெண்கள் அழுதார்கள். அங்காத்தாள் போனைத் தூக்கிப் படம் எடுத்து, பக்கத்தில் நின்ற குழந்தைவேலிடம் காட்டினாள்.

"பெரியப்பா, இத மொகப்புல போட்டா ஊரு ஒலகமே பாக்குமுங்க!"

குழந்தைவேல் அந்தப் போனை வாங்கி, படத்தை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் போனில் மஹால் பக்கத்தைத் திறந்து எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற அடிமட்டத்து எண்ணை எல்லாருக்கும் காட்டினார். கடைசி இலக்கம் நாலில் நின்றது.

"இந்தக் கொழந்தைக்குப் பேரு வெக்கற வரைக்கும் ஒருத்தரும் இதத் தொறக்கப்படாது. இந்த நாலு நாலாவே நிக்கோணும். வந்து சத்தியம் பண்ணுங்க."

ஒவ்வொருவராக வந்து, சுவரில் இருந்த நிழலைத் தொட்டுச் சத்தியம் பண்ணினார்கள். வெளியூர்ச் சொந்தங்கள் போனிலேயே பண்ணினார்கள். இந்த ஒரு தடவை ஊர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. நம்ப மாட்டீர்கள்; பூங்கொடியும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் தூங்கும் குழந்தையையும் ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையத்து வேம்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் திறக்காத இந்த மூன்று நாளில் வேம்பின் தூரைச் சுற்றி ஒரு முழம் நிழல் திரும்பியிருந்தது. அது லேசாகச் சுருங்கிய மாதிரி இருந்தது.

"மாமா, நெழலு கொறையுதுங்க."

"காத்துப் புள்ள. கொப்பு ஆடுது." நாச்சிமுத்து பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கக் கிளம்பினான். "சத்தியம் பண்ணியிருக்காங்க. மனசப் போட்டு ஒழப்பிக்காத."

அவன் போனபின் அவள் மறுபடி பார்த்தாள். நிழல் அசைந்தது. அங்காத்தாள் இன்னொரு படம் எடுத்திருந்தால்? குழந்தைவேல் பெரியப்பாவுக்கே ஆசை வந்திருந்தால்? ஊர்க்கூட்டத்தன்றும் இப்படித்தானே சொன்னார்கள்? குழந்தையின் படத்தை முகப்பில் போட்டு ஊர் உலகமெல்லாம் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தால், இவள் இங்கே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாளே! போட்டிருக்கிறார்களா இல்லையா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்க்காமல் அவளுக்கு மனசு கேட்கவில்லை. தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்தாள்.

இரண்டு பக்கமிருந்தும் பூக்கள் உதிர்ந்தன. நாதஸ்வரம் முழங்கியது. தங்கக் கதவு திறந்தது, குத்துவிளக்கு எரிந்தது, முகங்கள் பெரிது பெரிதாகக் கும்பிட்டுக்கொண்டு வந்தன. அவள் ஒன்றையும் விடாமல் பார்த்துக்கொண்டே, பதறிப் பதறி விரலால் தள்ளி, கடைசி முகம் வரைக்கும் போனாள். குழந்தையின் படம் எங்கேயும் இல்லை. அடியில் அந்த எண் இருந்தது. கடைசி இலக்கம் ஐந்து. மடியில் குழந்தை, கண்ணை இறுக மூடியபடியே, வெளிச்சம் தாங்காமல் வீறிட்டு அழ ஆரம்பித்தது.